கூகுளும் செயற்கை நுண்ணறிவு அறநெறிக் குழுக்களும் (2014–2025)

செயற்கை நுண்ணறிவு அறநெறிக் குழு என்பது, ஒரு தொழில்நுட்ப நிறுவனம் தான் உருவாக்கும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகளால் மக்களுக்கு ஏற்படக்கூடிய தீங்குகளை ஆராய்ந்து சொல்வதற்காகத் தானே அமைத்துக்கொள்ளும் குழுவாகும். 2010களின் நடுப்பகுதியிலிருந்து அமெரிக்காவின் பெரிய தொழில்நுட்ப நிறுவனங்கள் பலவும் இத்தகைய குழுக்களை அமைத்தன. சில குழுக்களில் நிறுவன ஊழியர்களே இருந்தனர். சிலவற்றில் வெளியிலிருந்து பேராசிரியர்களும் துறை வல்லுநர்களும் அழைக்கப்பட்டனர். இவற்றுள் பொதுவெளியில் அதிகம் பேசப்பட்டவை கூகுள் நிறுவனத்தின் குழுக்கள்.

2014ஆம் ஆண்டு முதல் 2025ஆம் ஆண்டு வரையிலான அக்குழுக்களின் வரலாற்றை இக்கட்டுரை கூறுகிறது. இந்தப் பதினோரு ஆண்டுகளிலும் ஒரு கேள்வி திரும்பத் திரும்ப எழுகிறது. தீங்கைக் கண்டுபிடித்துச் சொல்பவருக்கு அதைத் தடுத்து நிறுத்தும் அதிகாரம் உண்டா? வேலைக்கு விண்ணப்பித்தல், வங்கிக் கடன், மருத்துவச் சோதனை, காவல்துறை விசாரணை எனப் பல இடங்களிலும் இக்கருவிகள் நுழைந்துவிட்டதால், இக்கேள்விக்கான விடை சாதாரண மக்களின் வாழ்வைத் தொடுகிறது.

பின்னணி

செயற்கை நுண்ணறிவின் இன்றைய முறையான இயந்திரக் கற்றலில், கணினிக்கு விதிகளை ஒவ்வொன்றாக எழுதிக் கொடுப்பதில்லை. ஏராளமான படங்களையோ எழுத்துகளையோ கொடுத்து, அவற்றிலிருந்து கணினியே ஒழுங்குகளைக் கற்றுக்கொள்ளும்படி செய்கின்றனர். கொடுக்கப்பட்ட தரவில் ஒரு சாரார் குறைவாக இருந்தால், அவர்களைப் பற்றிய கணினியின் முடிவுகளில் பிழை மிகும்.

2015ஆம் ஆண்டில் கூகுள் ஃபோட்டோஸ் செயலி கறுப்பின மக்கள் இருவரின் படத்திற்குக் கொரில்லா என்று பெயரிட்டது. நிறுவனம் மன்னிப்புக் கேட்டது. ஆனால் 2018இல் வயர்டு இதழ் சோதித்தபோது, கொரில்லா என்ற சொல்லே செயலியின் பெயர்ப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டிருந்தது தெரியவந்தது.

2018இல் ஜாய் புவொலம்வினி, டிம்னிட் கெப்ரு ஆகிய இரு ஆய்வாளர்கள், முகத்தைப் பார்த்து ஆணா பெண்ணா என்று சொல்லும் மூன்று நிறுவனங்களின் மென்பொருள்களைச் சோதித்து ஓர் ஆய்வை வெளியிட்டனர். வெளிர்நிறத் தோலுடைய ஆண்களிடம் பிழை அதிகபட்சம் 0.8 விழுக்காடாக இருந்தது. கருநிறத் தோலுடைய பெண்களிடம் அது 34.7 விழுக்காடு வரை சென்றது. ஆய்வு பொதுவெளியில் வந்தபின் மைக்ரோசாப்ட், ஐபிஎம் ஆகியவை தம் மென்பொருள்களைத் திருத்தின. எண்களை எல்லோரும் பார்க்கும்படி வெளியிட முடிந்ததே இந்த ஆய்வின் வலிமை. பின்னாளில் கூகுளில் நடந்தவற்றைப் புரிந்துகொள்ள இது உதவும்.

டீப்மைண்ட் வாக்குறுதி (2014)

டீப்மைண்ட், லண்டனில் 2010இல் தொடங்கப்பட்ட ஆய்வு நிறுவனம். டெமிஸ் ஹசாபிஸ், ஷேன் லெக், முஸ்தஃபா சுலைமான் ஆகியோர் இதன் நிறுவனர்கள். 2014 ஜனவரியில் கூகுள் இதை விலைக்கு வாங்கியது. விலை சுமார் 40 கோடி பவுண்டு என்று அப்போது செய்திகள் கூறின. தங்கள் தொழில்நுட்பம் இராணுவப் பணிகளுக்குப் பயன்படுத்தப்படக் கூடாது, அதன் பயன்பாட்டைக் கண்காணிக்க ஓர் அறநெறிக் குழு அமைக்கப்பட வேண்டும் என்று நிறுவனர்கள் நிபந்தனை விதித்ததாகவும் செய்திகள் வெளியாயின.

குழு அமைக்கப்பட்டதாகச் சொல்லப்பட்டது. ஆனால் அதன் உறுப்பினர்கள் யார், எப்போது கூடினர், என்ன முடிவெடுத்தனர் என்பது பொதுமக்களுக்குத் தெரிவிக்கப்படவில்லை. நிறுவனத்திற்குள் தனிச் சட்ட அமைப்பாக இயங்கும் உரிமை வேண்டும் என்று டீப்மைண்ட் தலைவர்கள் பல ஆண்டுகள் கூகுளுடன் பேச்சு நடத்தினர். அந்தப் பேச்சு பலனின்றி முடிந்ததாக 2021இல் வால் ஸ்ட்ரீட் ஜர்னல் நாளிதழ் தெரிவித்தது.

மருத்துவத் தரவும் மதிப்பாய்வாளர் குழுவும்

டீப்மைண்டின் மருத்துவப் பிரிவு, லண்டனின் ராயல் ஃப்ரீ அரசு மருத்துவமனை அறக்கட்டளையுடன் 2015இல் ஓர் உடன்பாடு செய்துகொண்டது. சிறுநீரகம் திடீரெனப் பாதிக்கப்படும் நோயாளிகளைப் பற்றி மருத்துவர்களுக்கு உடனே எச்சரிக்கை அனுப்பும் ஸ்ட்ரீம்ஸ் என்ற செயலியை உருவாக்குவது நோக்கம். இதற்காகச் சுமார் 16 லட்சம் நோயாளிகளின் விவரங்கள் டீப்மைண்டுக்குச் சென்றன. தங்கள் விவரம் இவ்வாறு பயன்படுத்தப்படுவது நோயாளிகளுக்கு முறையாகத் தெரிவிக்கப்படவில்லை.

2016இல் நியூ சயின்டிஸ்ட் இதழ் இதை வெளிக்கொணர்ந்தது. 2017 ஜூலையில் பிரித்தானியத் தகவல் ஆணையர் அலுவலகம், தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை மருத்துவமனை அறக்கட்டளை பின்பற்றத் தவறியது என்று முடிவு கூறியது.

இதற்கிடையில், 2016இல் டீப்மைண்ட் தன் மருத்துவப் பிரிவுக்கு ஒரு சுயேச்சை மதிப்பாய்வாளர் குழுவை அமைத்தது. உறுப்பினர்களின் பெயர்கள் அறிவிக்கப்பட்டன. குழு ஆண்டறிக்கைகளை வெளியிட்டது. குறைகளையும் அதில் எழுதியது. அக்காலத்து அறநெறிக் குழுக்களில் ஓரளவு வெளிப்படையாக இயங்கியது இதுவே எனலாம். நோயாளிகளின் தரவு கூகுள் கணக்குகளுடனோ சேவைகளுடனோ ஒருபோதும் இணைக்கப்படாது என்றும் டீப்மைண்ட் உறுதி கூறியிருந்தது.

2018 நவம்பரில் ஸ்ட்ரீம்ஸ் செயலியை உருவாக்கிய பிரிவு கூகுளின் மருத்துவப் பிரிவுக்கு மாற்றப்படும் என்று அறிவிக்கப்பட்டது. அதனுடன் மதிப்பாய்வாளர் குழுவும் கலைக்கப்பட்டது. நிறுவனத்தின் அமைப்பு மாறியபோது கண்காணிக்கும் குழு இல்லாமற்போயிற்று. கண்காணிப்பு மிகவும் தேவைப்பட்ட நேரம் அதுவாகும்.

மேவன் திட்டமும் 2018ஆம் ஆண்டுக் கொள்கைகளும்

மேவன் திட்டம், அமெரிக்கப் பாதுகாப்புத் துறை 2017இல் தொடங்கியது. ஆளில்லா விமானங்கள் எடுக்கும் காணொளிகளில் உள்ள வாகனங்கள், மனிதர்கள் முதலியவற்றை இயந்திரக் கற்றலின் துணையால் அடையாளம் காண்பது இதன் பணி. கூகுள் இதில் பங்கேற்பது 2018 மார்ச்சில் செய்திகளில் வெளியானது. ஏப்ரலில் 3,000க்கும் மேற்பட்ட ஊழியர்கள், கூகுள் போர்த் தொழிலில் இறங்கக் கூடாது என்று கோரித் தலைமை நிர்வாகி சுந்தர் பிச்சைக்குக் கடிதம் எழுதினர். சிலர் வேலையை விட்டும் விலகினர்.

ஜூன் மாதத் தொடக்கத்தில், ஒப்பந்தம் முடிந்தபின் புதுப்பிக்கப்படாது என்று நிறுவனம் ஊழியர்களுக்கு அறிவித்தது. 2018 ஜூன் 7 அன்று, மதுரையில் பிறந்து சென்னையில் வளர்ந்தவரான சுந்தர் பிச்சையின் பெயரில் கூகுளின் செயற்கை நுண்ணறிவுக் கொள்கைகள் வெளியாயின. அவற்றில் ஏழு குறிக்கோள்கள் இருந்தன. நிறுவனம் ஈடுபடாது என்று சொன்ன நான்கு துறைகளும் பட்டியலிடப்பட்டன. ஆயுதங்களும், சர்வதேச நெறிகளை மீறும் கண்காணிப்பும் அந்த நான்கில் அடங்கும்.

இக்கொள்கைகள் வெறும் காகிதமாக இருந்துவிடவில்லை. 2018 அக்டோபரில், சுமார் 1,000 கோடி டாலர் மதிப்புள்ள பாதுகாப்புத் துறையின் மேகக்கணிமை ஒப்பந்தப் போட்டியிலிருந்து கூகுள் விலகியது. அப்பணி தன் கொள்கைகளுக்கு ஒத்துவரும் என்ற உறுதி கிடைக்காததைக் காரணங்களுள் ஒன்றாகச் சொன்னது. அதே ஆண்டு டிசம்பரில், பொதுப் பயன்பாட்டுக்கான முக அடையாள மென்பொருளை இப்போதைக்கு விற்பதில்லை என்றும் அறிவித்தது.

இங்கு ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்த மாற்றத்தைக் கொண்டுவந்தது அறநெறிக் குழு எதுவும் அன்று. செய்தித்தாள்களும், ஆயிரக்கணக்கில் ஒன்றுசேர்ந்த ஊழியர்களும் கொடுத்த அழுத்தமே. அந்தக் காலத்தில் திறமையான பொறியாளர்கள் கிடைப்பது அரிதாக இருந்தது. அவர்களை இழக்க நிறுவனம் விரும்பவில்லை.

ஒன்பது நாள் நீடித்த குழு (2019)

2019 மார்ச் 26 அன்று கூகுள் எட்டு உறுப்பினர்களைக் கொண்ட வெளி ஆலோசனைக் குழு ஒன்றை அறிவித்தது. ஆக்ஸ்போர்டு மெய்யியல் பேராசிரியர் லூசியானோ ஃபுளோரிடி, கணினி அறிவியலாளர் ஜோனா பிரைசன், தூதராகப் பணியாற்றிய வில்லியம் ஜோசப் பர்ன்ஸ் முதலியோர் இதில் இருந்தனர். குழு அந்த ஆண்டில் நான்கு முறை கூடும் என்று கூறப்பட்டது.

ஹெரிடேஜ் அறக்கட்டளையின் தலைவர் கே கோல்ஸ் ஜேம்ஸ் உறுப்பினராக நியமிக்கப்பட்டதை ஊழியர்கள் பலர் எதிர்த்தனர். திருநர், குடியேறிகள் ஆகியோர் குறித்த அவரது நிலைப்பாடுகளைக் காரணம் காட்டி 2,000க்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டனர். ஆளில்லா விமான நிறுவனத் தலைவர் ஒருவர் குழுவில் இருந்ததும் விமர்சிக்கப்பட்டது. கார்னெகி மெலன் பல்கலைக்கழகப் பேராசிரியர் அலெசாண்ட்ரோ அக்விஸ்டி தாமாகவே விலகினார். ஏப்ரல் 4 அன்று, அறிவித்த ஒன்பதாம் நாள், ஒரு முறைகூடக் கூடாமலே குழு கலைக்கப்பட்டது.

உறுப்பினர்களைப் பற்றிய சர்ச்சையில் வேறொரு குறை மறைந்துபோனது. ஆண்டுக்கு நான்கு முறை கூடும் அக்குழுவுக்கு எந்தத் திட்டத்தையும் நிறுத்தும் அதிகாரம் கொடுக்கப்பட்டிருக்கவில்லை. ஆலோசனை சொல்வது மட்டுமே அதன் பணி.

டிம்னிட் கெப்ரு விவகாரம் (2020–2021)

டிம்னிட் கெப்ரு எத்தியோப்பியாவின் அடிஸ் அபாபாவில் பிறந்தவர். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். முக அடையாள ஆய்வு வெளியான 2018ஆம் ஆண்டிலேயே கூகுளில் சேர்ந்து, மார்கரெட் மிட்செலுடன் இணைந்து அறநெறிச் செயற்கை நுண்ணறிவு ஆய்வுக் குழுவுக்குத் தலைமை தாங்கினார்.

2020இல் அவரும் மிட்செலும், வாஷிங்டன் பல்கலைக்கழக மொழியியல் பேராசிரியர் எமிலி பெண்டர் முதலியோரும் சேர்ந்து பெரிய மொழி மாதிரிகளைப் பற்றி ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதினர். மொழி மாதிரி என்பது, ஏராளமான எழுத்துகளைப் படித்து, அடுத்து வரக்கூடிய சொல் எது என்று கணிக்கும் மென்பொருள். கட்டுரை நான்கு ஆபத்துகளைச் சுட்டியது. இம்மாதிரிகளைப் பயிற்றுவிக்க மிகுந்த மின்சாரம் செலவாகிறது. இணையத்திலிருந்து அள்ளியெடுத்த தரவு அளவிறந்து பெரிதாக இருப்பதால் அதிலுள்ள வெறுப்பையும் சார்பையும் எவராலும் முழுமையாகச் சரிபார்க்க முடியாது. இம்மாதிரிகள் சரளமாக எழுதுவதால், பொருள் புரிந்து எழுதுவதாக மக்கள் நம்பிவிடுவர். ஆய்வாளர்களின் உழைப்பெல்லாம் இந்த ஒரே வழியில் செலவாகி, வேறு வழிகள் கைவிடப்படும்.

மின்சாரச் செலவைப் பற்றிய பகுதியில் கட்டுரை எழுப்பிய ஒரு கேள்வி ஆங்கிலம் அல்லாத மொழி பேசுவோர் அறிய வேண்டியது. கடல் மட்டம் உயர்வதால் பாதிக்கப்படும் மாலத்தீவு மக்கள், ஆங்கில மொழி மாதிரிகளைப் பயிற்றுவிப்பதன் சூழலியல் விலையைச் சுமக்கின்றனர். அவர்களது திவேகி மொழிக்கோ அப்படிப்பட்ட மாதிரிகள் உருவாக்கப்படுவதில்லை. இது நியாயமா என்பது அக்கேள்வி.

கூகுள் 2019ஆம் ஆண்டிலிருந்தே தன் தேடுபொறியில் பெர்ட் என்ற மொழி மாதிரியைப் பயன்படுத்தி வந்தது. நிறுவனத்தின் வருமானத்திற்கு அடிப்படையானது தேடுபொறி. முந்தைய ஆய்வுகள் பிற நிறுவனங்களின் பொருள்களை விமர்சித்தன. இந்தக் கட்டுரை கூகுளின் சொந்தத் தொழிலையே தொட்டது.

2020 நவம்பரில், கட்டுரையைத் திரும்பப் பெற வேண்டும் அல்லது கூகுள் ஊழியர்களின் பெயர்களை நீக்க வேண்டும் என்று கெப்ருவிடம் சொல்லப்பட்டது. மறுப்புக்கான காரணங்களையும் மறுத்தவர்களின் பெயர்களையும் அவர் கேட்டார். சில நிபந்தனைகளை முன்வைத்து, அவை ஏற்கப்படாவிட்டால் உரிய காலத்தில் விலகுவதாகத் தெரிவித்தார். டிசம்பர் 2 அன்று, அவரது விலகலை உடனடியாக ஏற்பதாக நிறுவனம் அறிவித்தது. தாம் விலகவில்லை, நீக்கப்பட்டதாகவே கெப்ரு கூறினார். கட்டுரை உள் மதிப்பாய்வுக்குக் காலம் தாழ்த்தித் தரப்பட்டது, அண்மைய ஆய்வுகள் பலவற்றை அது கணக்கில் கொள்ளவில்லை என்பது நிறுவனத்தின் விளக்கம். மதிப்பாய்வு விதி எல்லோருக்கும் ஒரே விதமாகப் பின்பற்றப்படவில்லை என்று அவருடைய குழுவினர் மறுத்தனர்.

கூகுள் ஊழியர்கள் 2,000க்கும் மேற்பட்டோர் கெப்ருவுக்கு ஆதரவாகக் கையெழுத்திட்டனர். சுந்தர் பிச்சை, இந்நிகழ்வு ஊழியர்களின் நம்பிக்கையைப் பாதித்ததற்கு வருத்தம் தெரிவித்துக் கடிதம் அனுப்பினார். அதே மாதத்தில் ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனம் மற்றொரு செய்தியை வெளியிட்டது. நுட்பமான பொருள்கள் என்று கூகுள் கருதுபவற்றைப் பற்றிய ஆய்வுகளுக்குக் கூடுதல் உள் அனுமதி தேவை என்ற விதி அந்த ஆண்டில் வந்திருந்தது என்றும், சில ஆய்வாளர்களிடம் கட்டுரையின் தொனியை மென்மையாக்கச் சொன்னார்கள் என்றும் அது தெரிவித்தது.

2021 பிப்ரவரியில் மார்கரெட் மிட்செலும் நீக்கப்பட்டார். நிறுவனத்தின் நடத்தை விதிகளையும் பாதுகாப்பு விதிகளையும் மீறியதாகக் காரணம் கூறப்பட்டது. அதே மாதத்தில் பொறியாளர் மேரியன் குரோக்கின் தலைமையில் இப்பணி மறுசீரமைக்கப்பட்டது. ஏப்ரலில், கெப்ருவின் மேலாளராக இருந்த சாமி பெஞ்சியோ கூகுளை விட்டு விலகினார். அந்த ஆய்வுக் கட்டுரை 2021 மார்ச்சில் ஒரு மாநாட்டில் வெளியானது. அதில் மிட்செலின் பெயர் ஷ்மார்கரெட் ஷ்மிட்செல் என்று வேடிக்கையாக மாற்றி அச்சிடப்பட்டிருந்தது. 2021 டிசம்பரில் கெப்ரு பெருநிறுவனங்களைச் சாராத தனி ஆய்வு நிலையம் ஒன்றைத் தொடங்கினார்.

இரண்டு ஆண்டுகளில், அக்கட்டுரை சுட்டிய ஆபத்துகளில் பல அன்றாடச் செய்திகளாயின. எச்சரிக்கை சரியாக இருந்தும் அது எழுதியவர்களைக் காக்கவில்லை.

போட்டியின் காலம் (2022–2025)

2022 நவம்பர் 30 அன்று ஓப்பன்ஏஐ நிறுவனம் சாட்ஜிபிடியை வெளியிட்டது. தேடுபொறித் தொழிலுக்கே ஆபத்து வரலாம் என்று கூகுளில் கவலை எழுந்தது. 2023 பிப்ரவரி 6 அன்று கூகுள் தன் பார்டு உரையாடியை அவசரமாக அறிவித்தது. அதன் விளம்பரத்திலேயே ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியைப் பற்றி ஒரு தவறான தகவல் இருந்தது. பிப்ரவரி 8 அன்று தாய் நிறுவனமான ஆல்ஃபபெட்டின் பங்கு மதிப்பு ஒரே நாளில் சுமார் 10,000 கோடி டாலர் குறைந்தது.

2023 மே மாதத்தில், நரம்பணு வலையமைப்பு ஆய்வின் முன்னோடிகளுள் ஒருவரான ஜெஃப்ரி ஹிண்டன் கூகுளிலிருந்து விலகினார். செயற்கை நுண்ணறிவின் ஆபத்துகளைப் பற்றித் தடையின்றிப் பேசுவதற்காகவே விலகியதாகக் கூறினார். கூகுள் பொறுப்புடனேயே நடந்துகொண்டது என்றும் அவர் சேர்த்துச் சொன்னார். நிறுவனத்தின் மீது குறை இல்லாத ஒருவரும்கூட, உள்ளே இருந்துகொண்டு முழுமையாகப் பேச முடியாது என்று கருதினார் என்பது இதன் பொருள்.

2024 மே மாதத்தில் டீப்மைண்ட் ஊழியர்கள் சுமார் 200 பேர், இராணுவ அமைப்புகளுடனான ஒப்பந்தங்களைக் கைவிடக் கோரிக் கடிதம் எழுதினர். 2025 பிப்ரவரி 4 அன்று கூகுள் தன் கொள்கைகளைத் திருத்தியது. ஆயுதங்கள், கண்காணிப்பு ஆகியவற்றில் ஈடுபடமாட்டோம் என்ற 2018ஆம் ஆண்டு உறுதிமொழி அதில் இல்லை. உலக அளவில் நடக்கும் போட்டியில் மக்களாட்சி நாடுகளே முன்னிற்க வேண்டும் என்று இதற்கான விளக்கம் கூறியது. விளக்கத்தை எழுதிய இருவரில் ஒருவர், டீப்மைண்டின் நிறுவனரான டெமிஸ் ஹசாபிஸ்.

பிற நிறுவனங்களில்

இது கூகுளுக்கு மட்டும் உரிய கதை அன்று.

மைக்ரோசாப்டில் அறநெறி மற்றும் சமூகக் குழுவில் 2020இல் சுமார் 30 பேர் இருந்தனர். 2022இல் அது 7 பேராகக் குறைந்தது. 2023 மார்ச்சில் எஞ்சியவர்களும் பணிநீக்கம் செய்யப்பட்டனர். பொறுப்புள்ள செயற்கை நுண்ணறிவு அலுவலகம் என்ற மற்றொரு பிரிவு அங்கு தொடர்ந்து இயங்கியது.

டுவிட்டரில் ரம்மன் சௌத்ரி தலைமையிலான குழு, நிறுவனத்தின் சொந்தக் கருவிகளின் குறைகளையே ஆராய்ந்து வெளியிட்டது. படங்களைத் தானாக வெட்டும் கருவியில் சார்பு இருப்பதைக் கண்டபின், நிறுவனம் அதைக் கைவிட்டது. எலான் மஸ்க் நிறுவனத்தை வாங்கிய சில நாள்களில், 2022 நவம்பரில், இக்குழுவினர் ஏறத்தாழ அனைவரும் நீக்கப்பட்டனர்.

ஓப்பன்ஏஐ 2015இல் இலாப நோக்கற்ற அமைப்பாகத் தொடங்கப்பட்டது. அதன் இயக்குநர் குழுவுக்குத் தலைமை நிர்வாகியை நீக்கும் முழு அதிகாரம் இருந்தது. 2023 நவம்பர் 17 அன்று அக்குழு சாம் ஆல்ட்மனை நீக்கியது. சுமார் 770 ஊழியர்களில் 700க்கும் மேற்பட்டோர் அவரைத் திரும்ப அழைக்கக் கோரினர். ஐந்தே நாள்களில் அவர் திரும்பினார். நீக்கியவர்களில் பெரும்பாலோர் விலகினர். பாதுகாப்பு ஆய்வுக்கென 2023 ஜூலையில் தொடங்கப்பட்டு, நிறுவனத்தின் கணினித் திறனில் 20 விழுக்காடு தரப்படும் என்று வாக்களிக்கப்பட்ட குழு, 2024 மே மாதத்தில் கலைக்கப்பட்டது. அதன் தலைவர்களுள் ஒருவரான யான் லைக்கி, புதிய பொருள்களுக்குக் கிடைத்த முக்கியத்துவம் பாதுகாப்புக்குக் கிடைக்கவில்லை என்று வெளிப்படையாகக் கூறி விலகினார். சட்டப்படி அதிகாரம் இருந்தாலும், ஊழியர்களும் முதலீட்டாளர்களும் எதிர்ப்பக்கம் நின்றால் அது நிலைக்காது என்பதை இந்நிகழ்வு காட்டியது.

ஆக்ஸான் நிறுவனத்தின் அனுபவம் சற்று வேறானது. மின்னதிர்ச்சித் துப்பாக்கிகளையும் காவலர்கள் உடலில் அணியும் கேமராக்களையும் செய்யும் இந்நிறுவனம் 2018இல் அறநெறிக் குழு ஒன்றை அமைத்தது. உடல் கேமராக்களில் முக அடையாளத் தொழில்நுட்பம் வேண்டாம் என்று குழு 2019இல் பரிந்துரைக்க, நிறுவனம் ஏற்றுக்கொண்டது. 2022 ஜூனில், குழுவின் பெரும்பான்மைக் கருத்துக்கு மாறாக, மின்னதிர்ச்சி தரும் ஆளில்லா விமானங்களைப் பள்ளிகளுக்காக உருவாக்கப்போவதாக ஆக்ஸான் அறிவித்தது. 12 உறுப்பினர்களில் 9 பேர் பதவி விலகினர். திட்டம் நிறுத்தி வைக்கப்பட்டது. அக்குழு தன் கருத்தைப் பொதுவெளியில் சொல்ல முடிந்ததால் அவர்களின் விலகலுக்கு எடை இருந்தது.

தடைகள்

மேற்கண்ட நிகழ்வுகளிலிருந்து நான்கு தடைகளைப் பிரித்தறியலாம்.

முதலாவது, ஊதியம். ஆய்வு செய்பவருக்குச் சம்பளம் தருவதும், அவர் ஆராயும் பொருளை விற்பதும் ஒரே நிறுவனம். மாணவன் தன் விடைத்தாளைத் தானே திருத்துவது போன்ற நிலை இது. நேர்மையான மாணவன் சரியாகவே திருத்தலாம். ஆனால் அந்த மதிப்பெண்ணை மற்றவர்கள் நம்புவதற்கு வழியில்லை.

இரண்டாவது, வெளியிடும் உரிமை. நிறுவனத்தின் அனுமதி இல்லாமல் எதையும் வெளியிட முடியாதபோது, சாதகமான முடிவுகள் எளிதாக வெளியே வரும், பாதகமானவை தங்கிவிடும்.

மூன்றாவது, காலம். பொருள் ஏறத்தாழ முடிந்து, வெளியிடும் நாள் குறிக்கப்பட்ட பின்னரே அறநெறிக் குழுவிடம் கருத்துக் கேட்கும் வழக்கம் பல இடங்களில் உண்டு. அந்நிலையில் சிறு திருத்தங்களைத் தவிர வேறெதையும் அவர்களால் கேட்க முடியாது.

நான்காவது, போட்டி. எதிராளி முந்திவிடுவான் என்ற அச்சம் வந்தவுடன் எச்சரிக்கை தாமதமாகத் தோன்றுகிறது. அறநெறிக் குழுக்கள் பெரும்பாலும் வருமானம் பெருகிய ஆண்டுகளில் தோன்றி, சிக்கனம் பேசப்பட்ட ஆண்டுகளில் மறைந்திருப்பதைக் காணலாம்.

மருத்துவ ஆய்வு வரலாற்றுடன் ஓர் ஒப்பீடு

இத்தகைய சிக்கலை மருத்துவத் துறை முன்பே சந்தித்துள்ளது. அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் டஸ்கீகி என்ற இடத்தில், அந்நாட்டுப் பொதுச் சுகாதாரத் துறை 1932 முதல் 1972 வரை ஓர் ஆய்வு நடத்தியது. மேகநோய் கொண்ட 399 கறுப்பின ஆண்கள் உண்மை தெரிவிக்கப்படாமல் கண்காணிக்கப்பட்டனர். 1940களில் பெனிசிலின் சிறந்த மருந்தாக நிலைபெற்ற பின்னும் அவர்களுக்கு அது கொடுக்கப்படவில்லை.

அத்துறையில் பணியாற்றிய பீட்டர் பக்ஸ்டன் 1966இல் மேலதிகாரிகளுக்கு எழுதி இதை எதிர்த்தார். 1969இல் துறை நிபுணர்களைக் கூட்டி ஆலோசித்தது. ஆய்வைத் தொடரலாம் என்றே முடிவானது. இறுதியில் பக்ஸ்டன் தந்த தகவல் 1972 ஜூலையில் அசோசியேட்டட் பிரஸ் செய்தியாளர் ஜீன் ஹெல்லர் மூலம் வெளியானது. அந்த ஆண்டிலேயே ஆய்வு நிறுத்தப்பட்டது. 1974இல் அமெரிக்க நாடாளுமன்றம் தேசிய ஆய்வுச் சட்டத்தை இயற்றியது. மனிதர்களை வைத்துச் செய்யும் ஆய்வுகளுக்கு முன் அனுமதி தரும் மதிப்பாய்வுக் குழுக்கள் இச்சட்டத்தின் பின்னணியில் நிலைபெற்றன. 1979இல் வெளியான பெல்மாண்ட் அறிக்கை அவற்றுக்கான அடிப்படை நெறிகளை வகுத்தது.

அந்தக் குழுக்களும் மருத்துவமனைகளுக்குள்ளும் பல்கலைக்கழகங்களுக்குள்ளும் அமர்ந்தே பணி செய்கின்றன. ஆனால் ஓர் ஆய்வை அனுமதிக்க மறுக்கும் அதிகாரம் அவற்றுக்கு அரசு விதிகளிலிருந்து கிடைக்கிறது. தலைவர் மாறினாலும் அதிகாரம் மாறுவதில்லை. கூகுளின் குழுக்களுக்கு இல்லாதிருந்தது இதுவே.

சட்டத்தின் வருகை

ஐரோப்பிய ஒன்றியத்தின் செயற்கை நுண்ணறிவுச் சட்டம் 2024 ஆகஸ்ட் 1 அன்று நடைமுறைக்கு வந்தது. அதன் பகுதிகள் படிப்படியாகச் செயற்படுத்தப்படுகின்றன. தடைசெய்யப்பட்ட பயன்பாடுகள் குறித்த விதிகள் 2025 பிப்ரவரி 2 முதல் பொருந்துகின்றன. அவற்றை மீறும் நிறுவனத்திற்கு 3.5 கோடி யூரோ அல்லது உலகளாவிய ஆண்டு விற்றுமுதலில் 7 விழுக்காடு, இரண்டில் எது அதிகமோ அதுவரை அபராதம் விதிக்கலாம். கலிஃபோர்னியாவில் 2025 செப்டம்பரில் கையெழுத்தான ஒரு சட்டம், பெரிய மாதிரிகளை உருவாக்கும் நிறுவனங்களில் ஆபத்தைச் சுட்டிக்காட்டும் ஊழியர்களுக்குப் பாதுகாப்பு அளிக்கிறது.

சட்டமும் முழுத் தீர்வாகாது. ஐரோப்பியச் சட்டம் இராணுவப் பயன்பாட்டைத் தன் வரம்பிலிருந்து விலக்கியுள்ளது. மேவன் திட்டம் எழுப்பிய கேள்விக்கு அதில் விடை இல்லை.

மதிப்பீடு

இக்குழுக்களில் பணியாற்றியவர்களின் உழைப்பு வீணானது என்று சொல்ல முடியாது. தரவிலுள்ள சார்பை அளக்கும் முறைகளும், ஒரு மாதிரி எதற்கு ஏற்றது, எதற்கு ஏற்றதல்ல என்று எழுதிவைக்கும் ஆவண வழக்கமும் இவர்கள் தந்த கொடை. மிட்செலும் கெப்ருவும் வேறு சிலரும் முன்வைத்த மாதிரி விவர அட்டை என்ற முறையை இன்று பல நிறுவனங்கள் பின்பற்றுகின்றன. பின்னர் வந்த சட்டங்கள் பேசும் ஆபத்துகள் பலவற்றுக்கு முதலில் பெயர் வைத்தவர்களில் இவர்களும் உண்டு.

ஆயினும், நிறுவனம் தானே எழுதிய உறுதிமொழியைத் தானே அழித்துவிட முடியும் என்பதை 2018க்கும் 2025க்கும் இடையிலான ஏழு ஆண்டுகள் காட்டிவிட்டன. எனவே ஒரு நிறுவனம் புதிதாக அறநெறிக் குழு அமைத்ததாகச் செய்தி வரும்போது, படிக்கும் மாணவர்கள் மூன்று கேள்விகளைக் கேட்டுப் பார்க்கலாம். உறுப்பினர்களின் பெயர்கள் வெளியிடப்பட்டுள்ளனவா? நிறுவனத்தின் அனுமதி இல்லாமல் தன் முடிவுகளை அக்குழு வெளியிட முடியுமா? தீங்கானது என்று கண்ட பொருளை நிறுத்தும் அதிகாரம் அதற்கு உண்டா? 2014இல் டீப்மைண்டுக்காக வாக்களிக்கப்பட்ட குழுவைப் பொறுத்தவரை, முதல் கேள்விக்கே பொதுமக்களுக்கு விடை கிடைக்கவில்லை.